பல்லி விழுங்கிய மீதிச் சொல்

பல்லிக்கு முழுப் பேச்சு இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் காக்கையும் மாடும் எலியும்கூடப் பேசின. ஆனால் அவற்றின் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காக்கை ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும். மாடு இன்று கேட்டதற்கு நாளைதான் பதில் சொல்லும். எலி எதைச் சொன்னாலும் கடைசியில் அதன் வயிற்றில் வந்து முடியும். பல்லி மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கும். பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்லும். ஊரில் வழக்கு என்று வந்தால் அந்த வீட்டுப் பல்லியைக் கேட்பார்கள். அது சொல்லிவிட்டால் மேல் பேச்சு கிடையாது.

அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யாராவது எதையாவது சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் நிறுத்தினால், கேட்பவர் ஆள்காட்டி விரலால் தரையை மெல்லத் தட்டுவார். ‘அப்புறம்?’ என்று அதற்கு அர்த்தம். தட்டிவிட்டால் மீதியைச் சொல்லியாக வேண்டும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நீலாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுப் பல்லி, முட்டையிலிருந்து வந்த அன்றே கூரையிலிருந்து தவறி அவளுடைய முறத்தில் விழுந்தது. கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள், உமியோடு அதையும் தள்ளிவிடாமல் விரல் நுனியில் எடுத்துச் சுவரில் விட்டாள்.

“ஒட்டிக்க. அதுக்குத்தானே காலு குடுத்திருக்கு” என்றாள்.

அன்றிலிருந்து அவள் அதற்கு அக்கா. அவளுக்கு அது சுவத்துக்காரி. மாவு அரைக்கும் பொழுதெல்லாம் இருவருக்கும் பேச்சு ஓடும்.

“அக்கா, அடுத்த வீட்டுல இன்னைக்கு என்ன குழம்பு தெரியுமா?”

“சொல்லாதடி, நாக்கு ஊறும்” என்பாள் நீலாயி. வாய் அப்படிச் சொல்லும். விரல் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பிற்காலத்தில் பல்லி எத்தனையோ இரவுகள் அந்த விரலையே நினைத்துக்கொண்டு சுவரில் கிடந்தது.

பிறகு மழை நின்றது. ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாம் ஆண்டும் வானம் வெளுத்தே கிடந்தது. நீலாயியின் புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனவன் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு அவள் தனியாக இருந்தாள். ஊர் முழுவதற்குமான விதைக் கம்பு அவள் வீட்டு மூலையில், ஒரு பெரிய பானையில் இருந்தது. விதையைத் தின்றவர் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும், திரும்பக் கூடாது. அதுதான் ஊர்க்கட்டு.

ஒருநாள் நீலாயி ஆற்று மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவளுக்குக் கொழுந்தன் முறையான கரும்பன் ஒரு கட்டு நொச்சித் தழையோடு வந்தான்.

“என்ன சுவத்துக்காரி, மதினி எங்கே?”

“ஊத்துக்குப் போயிருக்கா.”

“விதையில வண்டு விழுந்துரும். தழை போட்டுட்டுப் போறேன், சொல்லிடு.”

பானையின் வாய்க்கட்டை அவிழ்த்தான். பொடிந்துபோன பழைய தழையை அள்ளிவிட்டுப் புதுத் தழையைப் பரப்பினான். கையை எடுக்கும்போது அவன் விரலில் ஒரு கம்பு மணி ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டிய வயிற்றோடு இருந்தவன் அதை ஒரு கணம் பார்த்தான். பிறகு பானைக்குள்ளேயே உதறிவிட்டு, வாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் நீலாயி வந்தாள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் வாய்க்கட்டை அவிழ்த்தாள். தழையை ஒதுக்கி இரண்டு நாழி கம்பு அள்ளினாள். கூழ் கொதித்து இறங்கும் வரை சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

“பாத்தியா?” என்று கடைசியில் கேட்டாள்.

“பாத்தேன்.”

“அழக்கூட சத்தில்லடி அவனுக்கு.”

பல்லி எதுவும் சொல்லவில்லை. அவளும் தட்டவில்லை.

பௌர்ணமியன்று காலையில் விதையைச் சரிபார்க்க ஊர்த்தலைவன் வல்லான் ஆட்களோடு வந்தான். பானையில் விதை நாலு விரல் இறங்கியிருந்தது. மேலே பச்சை வாடாத தழை. முற்றத்தில் ஊரே கூடிவிட்டது.

“தழையை யாருய்யா வெச்சது?” என்று கேட்டான் வல்லான்.

“நான்தான்” என்றான் கரும்பன். “அவுத்தேன், தழை போட்டேன், கட்டினேன். நம்பலன்னா சுவத்துக்காரியக் கேளுங்க. அவ முழுக்கப் பாத்தா.” சொல்லிவிட்டு நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

பல்லி நிலைப்படிக்கு மேலே வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தது. வரிசைப்படி ஆரம்பித்தது.

“கரும்பன் வந்தான். பானையின் வாய்க்கட்டை அவிழ்த்தான்.”

மூச்சு வாங்க நிறுத்தியது. நிறுத்திய இடத்தில் கீழே பார்த்தது. நீலாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் கடைவாயில் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்துச் சொல்ல வேண்டியது தழை. அதற்கடுத்து அந்த ஒற்றைக் கம்பு மணி. அதற்கும் அடுத்து, பொழுது சாயும் நேரம். ஒன்றைத் தொட்டால் எல்லாம் வந்துவிடும். பல்லியின் மூச்சு நீண்டுகொண்டே போனது.

கரும்பன் விரலால் தரையைத் தட்டினான்.

“இதுல அப்புறம் என்ன அப்புறம்?” என்றான் வல்லான். “பசிச்சவன் பானையத் திறந்தா வேற என்னத்துக்கு?”

கரும்பன் மறுபடி தட்டினான். மூன்றாம் முறையும் தட்டினான். பல்லி வாயை மூடிக்கொண்டது. தொண்டை வரை வந்திருந்த சொற்கள் கல்லைப்போல உள்ளே இறங்கின.

கரும்பன் கத்தவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். “பல்லி பொய் சொல்லாது” என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னான். “மீதி மறந்திருக்கும். ஞாபகம் வந்தா ஆள் அனுப்புங்க.” வறண்ட ஆற்று மணலில் இறங்கி அக்கரைக்கு நடந்து போனான்.

பல்லி தன் சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வந்தான், உண்மை. அவிழ்த்தான், அதுவும் உண்மை. அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது? சுவரில் நேராக நின்று தேடியது. உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியும் தேடியது. நீலாயியிடம் கேட்கலாமென்றால் அவள் இப்போது பேசுவதில்லை. திரிகை ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

கடைசியில் காக்கைதான் சொன்னது. கூரை விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, “என்ன உண்மைக்காரி, சௌக்கியமா?” என்றது. “நான் ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்றேன், ஒருத்தனும் நம்பினதில்ல. நீ பாதி உண்மைதான் சொன்னே. ஒரு ஆளையே ஆத்தைத் தாண்ட வெச்சுட்டியேடி!” சொல்லிக்கொண்டே பாய்ந்து அதன் வாலைக் கொத்தியது.

பல்லி துள்ளியது. வால் அறுந்து விழுந்தது. தலை தப்பிவிட்டது. விழுந்த வால் தரையில் உயிரோடு துடித்தது. காக்கை அதன் பின்னாலேயே போயிற்று. பல்லி தன் துண்டு வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊரும் இப்படித்தான் அறுந்த பாதிச் சொல்லின் பின்னாலேயே போயிருக்கிறது என்று அதற்கு இப்போது புரிந்தது.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. பல்லி திரிகைக்கு நேர்மேலே ஓடிவந்து, விழுங்கியதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தது.

“ச்... ச்... ச்...”

அவ்வளவுதான் வந்தது. விழுங்கிய சொல் விழுங்கியதுதான்.

நீலாயி நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் விரல் தரையைத் தட்டியது. “சொல்லுடி.”

“ச்... ச்...”

அவள் மறுபடி தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே வல்லான் வீட்டுக்குப் போனாள்.

“சுவத்துக்காரி சொன்னது நிசம்” என்றாள். “மீதிய நான் சொல்றேன், கேளுங்க.”

மூன்று நாள் ஆறு நிறைந்து ஓடியது. வடிந்த பிறகு ஊரார் கரும்பனை அழைத்துவர அக்கரைக்குப் போனார்கள். ஒரு நொச்சிப் புதருக்குப் பக்கத்தில் மூன்று கற்களும் கரைந்த சாம்பலும் இருந்தன. ஆள் இல்லை. மற்றவர்கள் திரும்பினார்கள். நீலாயி திரும்பவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, குழந்தையோடு அந்தக் கரையிலேயே நடந்து போய்விட்டாள். வெற்று வீட்டுச் சுவரில் பல்லி மட்டும் வாசலைப் பார்த்துக் கிடந்தது.

அந்த நாளிலிருந்துதான் பல்லி சொல்லின் தலையை மட்டும் சொல்கிறது, பயந்தால் வாலை விட்டுவிட்டு ஓடுகிறது. நாமும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி சத்தமிட்டால், ‘பார், பல்லியே சொல்லிவிட்டது, உண்மைதான்’ என்று விரலால் தரையைத் தட்டிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறோம். நமக்குத்தான் மறந்துவிட்டது. விரல் இன்னமும் மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.