பம்புசெட்டில் நின்ற மஞ்சள் சுடிதார்

கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் தீர்ப்புச் சொன்னவர்களால் வந்த வினைதான் இந்தக் கதையே.

சாத்தூருக்குத் தெற்கே ஊத்துப்பட்டி என்றொரு கரிசல் கிராமம். அங்கே குருவம்மாள் என்ற விதவை நாலு வீட்டு ஆடுகளைச் சேர்த்து மேய்த்து வயிறு கழுவி வந்தாள். பொய் பேசாதவள், புறம் பேசாதவள் என்று ஊரில் பெயர். இரண்டு வருஷமாக அவள் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஆடுகளைக் கழுத்துமணிச் சத்தத்திலும் மனிதர்களை நடையிலும் உடுப்பின் நிறத்திலும் அடையாளம் கண்டு சமாளித்தாள். கண் மங்கியது தெரிந்தால் ஆட்டுக்காரர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுடைய வெள்ளைச் சேலை எத்தனை தேய்த்தாலும் பழுப்பாகவே இருந்ததற்குச் சோப்பு விற்ற கடைக்காரர்தான் வசவு வாங்கினார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் கண்மாய்க் கரையில் நின்றவளுக்கு, எதிரே பம்புசெட்டு நிழலில் இரண்டு பேர் தெரிந்தார்கள். மஞ்சள் உடுப்பில் ஒரு பெண். ஒட்டினாற்போல் ஓர் ஆண். தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றார்கள். ஊரில் மஞ்சள் சுடிதார் போடுகிறவள் சுகந்தி ஒருத்திதான். தவசியின் மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவள்.

குருவம்மாளுக்கு அந்தப் பிள்ளை மேல் பிரியம். ஊர் வாயில் விழுவதற்குள் வீட்டுக்குத் தெரியட்டும் என்றுதான் தாய் பாக்கியத்தின் காதில் மட்டும் போட்டாள். பாக்கியம் மகளை ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் புருஷன் காதில் போட்டாள்.

சுகந்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "நான் அந்தப் பக்கமே போகலப்பா. குருவம்மா அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது, நான் கவனிச்சிருக்கேன். ரெண்டு விரலைக் காட்டி எத்தனைன்னு கேளுங்க, தெரிஞ்சிரும்."

தவசி நியாயஸ்தன். "கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய். விசாரிச்சுட்டே வாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். குருவம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றபோது, வயதில் மூத்தவளிடம் விரலைக் காட்டி எண்ணச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா, கண்ணு நல்லாத் தெரியுதுல்ல?"

பட்டியில் அடுத்தவர் வீட்டு ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. "எனக்கென்ன கேடு? நல்லாத் தெரியுது" என்றாள் குருவம்மாள்.

அவ்வளவுதான் விசாரணை. வைகாசியில் சுகந்தியைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தங்கமானவன்தான். படிப்பு மட்டும் நின்றுபோயிற்று.

ஆனியில் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். அதற்குள் குருவம்மாள் ஓர் ஆட்டுக்குட்டியைக் கண் தெரியாமல் மிதித்துக் காலை ஒடித்துவிட்டதால் குட்டு உடைந்திருந்தது. ஆட்டுக்காரர்கள் அவள் பயந்தபடி ஒன்றும் செய்யவில்லை. அவர்களே முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அவள் திரும்பி வரும்வரை மாற்றி மாற்றி மேய்த்தும் கொடுத்தார்கள். பாழாய்ப் போன பயம்!

டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றிப்போய், புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும், முகாமில் அவளைக் கைபிடித்து அழைத்துப்போன மெர்சி என்ற பெண் எதிரே வந்து நலம் விசாரித்தாள். குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டாள் குருவம்மாள்.

"உன் மஞ்சக் கோட்டு எங்க தாயி?"

மெர்சி சிரித்தாள். "எங்களுக்கு எப்பவும் வெள்ளைக் கோட்டுதாம்மா. புரை முத்தினா வெள்ளையும் மஞ்சளாத் தெரியும்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "உங்கள முன்னாடியே பாத்திருக்கேன். பங்குனியில இந்த முகாமுக்காகக் கண்ணு தெரியாதவங்களக் கணக்கெடுக்க வந்தப்ப நானும் எங்க சாரும் பம்புசெட்டு நிழல்ல நின்னு நோட்டுல பேரைச் சரிபாத்துக்கிட்டிருந்தோம். நீங்க கரையில நின்னீங்க. கை காட்டினேன், கண்டுக்கவே இல்லையே!"

பார்வை வந்தவர்கள் எல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்த வார்டில் குருவம்மாள் மட்டும் அழுதாள். அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் அதட்டியும் நிற்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே தவசி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நடந்தது நடந்துபோச்சு. அவ நல்லாத்தானே இருக்கா? அவகிட்ட இதச் சொல்லீராதீக."

ஆடிக்குச் சுகந்தியை அழைத்து வந்தார்கள். குருவம்மாளால் வாயைக் கட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, வயதையும் பார்க்காமல் காலில் விழப் போனாள். சுகந்தி பிடித்து நிறுத்தினாள். கோபப்படவில்லை.

"காலேஜ் திறந்து ஒரு மாசம் ஆச்சு அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள். தெரியாத கண்ணைத் தெரிகிறது என்ற குருவம்மாளா, மகளைக் கேட்காமல் புருஷனிடம் சொல்லி, பிறகு உண்மையையும் மூடப் பார்த்த பாக்கியமா, விசாரித்துவிட்டேன் என்று கல்யாணத்தை முடித்த தவசியா? சுகந்திக்குப் பெரிய தீங்கு செய்தது இந்த மூவரில் யார்?

விடை: வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது நோயின் குற்றம், அதற்குக் குருவம்மாள் பொறுப்பில்லை. "நல்லாத் தெரியுது" என்றது அவள் குற்றம்தான், ஆனால் அது பயத்தில் வந்த பொய். பாக்கியம் மகளைக் கேட்காதது தவறு. ஆனால் முடிவெடுத்தது அவள் இல்லை. தவசிக்கோ உண்மையை அறியும் வழியை மகளே கையில் கொடுத்து அனுப்பினாள். இரண்டு விரலை நீட்ட ஒரு நிமிஷம் ஆகாது. மூத்தவள் மனம் கோணக்கூடாது என்று பார்த்தவன், மகளின் வாழ்க்கை கோணுவதைப் பார்க்கவில்லை. பெருங்குற்றம் தவசியுடையது. அவனே இதை ஒப்புக்கொள்கிறான். குருவம்மாளிடம் மட்டும் இந்தத் தீர்ப்புச் செல்லாது. யார் கேட்டாலும் அவள் தன் பெயரைத்தான் சொல்கிறாள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.