மீசையில் ஒட்டிய மண்

காட்டாற்றின் வளைவில் ஆழமான ஒரு மடு. மடுவின் கரையில் ஒரு மருத மரம். அதன் வேருக்கடியில் இருந்த வளையில் சுழியன் என்னும் கிழ நீர்நாய் தனியாகக் குடியிருந்தது.

சுழியனுக்கு அந்த வீடுதான் உயிர். வாசலில் படுத்தபடியே, மடுவில் கெண்டை மீன்கள் கூட்டமாகத் திரும்பும் இடத்தைப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் இருந்தது. வாசலிலிருந்து தண்ணீர் வரை வழவழவென்று ஒரு மண் சறுக்கு! நீர்நாய்கள் வீட்டை விட்டு நடந்து இறங்குவதில்லை. வயிற்றால் சறுக்கித்தான் இறங்கும். யாராவது நடந்து இறங்கினால், “இது நீர்நாயா, பெருச்சாளியா?” என்று மற்ற நீர்நாய்கள் சிரிக்கும். அந்தச் சறுக்கைச் சுழியன் தன் வயிற்றாலேயே தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியிருந்தது.

ஆனால் வயது யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? சுழியனின் இடது பின்னங்கால் வலித்தது. வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. தூங்கி எழுந்தால் தலை கிறுகிறுத்தது. போதாக்குறைக்குச் சறுக்கின் நடுவில் ஒரு வேர் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. அது சுழியனின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

சுழியனின் மகள் மீனாள் கீழாற்றுப் பாறை இடுக்கில் ஆறு குட்டிகளோடு வசித்தது. வாரம் ஒரு முறை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகும். போன மழைக்காலத்தில் அப்பா விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது, மீனாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

“அப்பா! இன்னொரு தடவை விழுந்தீங்க, அவ்வளவுதான்! வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடணும்!”

மகள் வீடு நல்ல வீடுதான். ஆனால் ஆறு குட்டிகள்! ஒன்று வாலைக் கடிக்கும். ஒன்று காதில் கத்தும். ஒன்று முதுகில் ஏறிக்கொண்டு இறங்கவே இறங்காது. அங்கே மடுவும் கிடையாது, மருத நிழலும் கிடையாது. அன்றே சுழியன் ஒரு முடிவுக்கு வந்தது. விழக்கூடாது என்றல்ல, விழுந்தால் வெளியே தெரியக்கூடாது என்று!

மறு வாரமே வேர் தடுக்கிவிட்டது. சுழியன் உருண்டு, புரண்டு, மல்லாக்கத் தண்ணீரில் ‘தொப்’பென்று விழுந்தது.

பக்கத்து நாணலில் ஒரு நீலத் தாழைக்கோழி கூடு கட்டியிருந்தது. நல்ல பறவை. ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

“ஐயோ மாமா! விழுந்துட்டீங்களா?” என்று பதறியது தாழைக்கோழி.

“விழறதா! நானா? சறுக்கினேம்மா!”

“மல்லாக்கவா?”

“இது புது மாதிரி!”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். ஆனால் சுழியனுக்கு நிஜமாகவே மீசை இருந்தது. அதில் நிஜமாகவே மண்ணும் ஒட்டியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அவசர அவசரமாக அலம்பிக்கொண்டது.

அடுத்த முறை பக்கவாட்டில் விழுந்தது. “ஒருக்களிச்ச சறுக்கு!” என்றது. அதற்கடுத்த முறை வால் முன்னால் போக விழுந்தது. “பின்பக்கச் சறுக்கு!” என்றது. தாழைக்கோழி அதை அப்படியே நம்பியது. “எங்க மாமாவுக்கு இந்த வயசுலயும் என்ன விளையாட்டு பாருங்க!” என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்தது. தவளைகள் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்தன.

மீனாள் வந்தபோது அப்பாவின் கன்னத்தில் சிராய்ப்பு இருந்தது.

“இது என்னப்பா?”

“மீன் கிழிச்சிடுச்சு.”

“எந்த மீன்?”

“பெரிய மீன்!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மகளை அனுப்பிவைத்தது சுழியன். மகளின் தலை மறைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியது. ‘சொல்லியிருக்கலாமோ?’ என்று மனசு கேட்டது. ‘சொன்னால் வீடு போய்விடுமே!’ என்று பயம் வாயை மூடியது. இப்படிப் பொய் சொல்லிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று அதற்குத் தன்மீதே வருத்தமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம். தூங்கி எழுந்த சுழியன் விருட்டென்று வெளியே வந்தது. வெயிலில் கண் கூசியது. தலை சுற்றியது. அவ்வளவுதான்! சறுக்கில் தடுமாறிச் சரிந்தது. ஆனால் இந்த முறை தண்ணீர் வரை போகவில்லை. பின்னங்கால் வேருக்கும் மண்ணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தலை கீழே, வால் மேலே! அசைந்தால் இடுப்பில் உயிர் போகிற வலி.

தாழைக்கோழி நாணலை விலக்கி எட்டிப் பார்த்தது.

“மாமா! இன்னைக்கு என்ன சறுக்கு?”

இப்போதாவது உண்மையைச் சொல்லக்கூடாதா? ஆனால் பாறை இடுக்கும் ஆறு குட்டிகளும் சுழியனின் கண்முன் வந்து நின்றன.

“மெதுவான சறுக்கும்மா!”

“நகரவே காணோமே!”

“அவ்வளவு மெதுவு!”

“அடேயப்பா!” என்று வியந்துவிட்டு, தாழைக்கோழி தன் முட்டைகளைப் பார்க்கப் போய்விட்டது.

வெயில் சுட்டெரித்தது. சுழியனுக்குத் தொண்டை வறண்டது. எட்டாத தூரத்தில் தண்ணீர் சளசளத்தது. அப்போது எதிர்க்கரை மணலில் கிடந்த ஒரு மரக்கட்டை கண்ணைத் திறந்தது. அது மரக்கட்டை அல்ல, முதலை!

“பெரியவரே, சறுக்கி இந்தப் பக்கம்தானே வர்றீங்க?” என்று முதலை பணிவாகக் கேட்டது.

“ஆ... ஆமா! நீ தூங்கு!”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே வர்றேன்!”

முதலை சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. இரண்டு கண்கள் மட்டும் மிதந்து வந்தன.

வீடுதான் உயிர் என்றிருந்த சுழியனுக்கு, உயிர் என்றால் உயிர்தான் என்று அப்போது புரிந்தது. வாயைத் திறந்தது. அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி சிக்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை வெளியே தள்ளியது.

“விழுந்துட்டேன்! நான் விழுந்துட்டேன்! யாராவது வாங்களேன்!”

தாழைக்கோழி திடுக்கிட்டுப் போனது. மாமா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அது கேட்டதே இல்லை! உடனே நாணலின் உச்சியில் ஏறி, கீழாறு வரை கேட்கும்படி அலறியது.

“மீனா! ஓடி வா! அப்பா விழுந்துட்டாரு!”

மடுவின் அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஆமைக்கும் அது கேட்டது. ஆமை சுழியனின் பழைய கூட்டாளி. அது கரையேறி, சறுக்கின் அடியில் குறுக்கே உட்கார்ந்தது. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பாய்ந்து வந்த முதலை ‘கடக்’கென்று ஓட்டைத்தான் கடித்தது!

“நல்லாக் கடி! உன் பல்லு, உன் இஷ்டம்!” என்றது ஆமை உள்ளேயிருந்து.

முதலை இரண்டாம் முறை வாயைத் திறப்பதற்குள் மீனாள் வந்துவிட்டது. கூடவே ஆறு குட்டிகள்! ஒன்று முதலையின் வாலைக் கடித்தது. ஒன்று அதன் காதில் கத்தியது. ஒன்று முதுகில் ஏறிக்கொண்டு இறங்கவே மறுத்தது.

“சாப்பாடும் வேண்டாம், இந்தச் சத்தமும் வேண்டாம்!” என்று முதலை திரும்பிப் பாராமல் ஓடிப்போனது.

மீனாள் வேரைக் கடித்து அப்பாவின் காலை விடுவித்தது. கழுத்தைக் கவ்வி வாசலுக்கு இழுத்துச் சென்றது. அதன் கண்ணில் நீர் தளும்பியது.

“உண்மையைச் சொல்லுங்கப்பா. எத்தனை தடவை விழுந்தீங்க?”

சுழியனின் முன்னங்கால் பழக்கதோஷத்தில் மீசையைத் துடைக்கப் போனது. பாதியில் நின்றது.

“இதோட அஞ்சு.”

“ஏம்ப்பா சொல்லலை?”

“சொன்னா வீட்டைக் காலி பண்ணணும்னியே!”

மீனாளுக்குச் சுருக்கென்றது. “என் மிரட்டல்தான் உங்க வாயை அடைச்சிடுச்சா?” என்று தலையைக் குனிந்துகொண்டது.

பிறகு யோசனைகள் கிளம்பின. “வீட்டை முதுகுல கட்டிக்கோ சுழியா, தொல்லையே இல்லை!” என்றது ஆமை. “தாத்தாவை மரத்துல கட்டிப் போட்டுடலாம்!” என்றது ஒரு குட்டி. தாழைக்கோழிதான் குறுக்கே புகுந்தது.

“எங்க, எப்ப விழறீங்கன்னு நீங்களே சொல்லுங்க மாமா!”

அதுவரை யாரும் சுழியனிடம் இதைக் கேட்டதே இல்லை. சுழியன் ஒன்று விடாமல் சொன்னது. வேர், தலைச்சுற்றல், வெயிலின் கூச்சம், ஒத்துழைக்காத கால் எல்லாம் வெளியே வந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் மீனாள் அந்த வேரை அடியோடு கடித்து எடுத்தது. ஆமை கற்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. குட்டிகள் சறுக்கின் ஓரமாகக் கல் கல்லாகப் பதித்துப் படி கட்டின. இனி விழித்ததும் பத்து மூச்சு வரை படுத்திருந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று மீனாள் கேட்டுக்கொண்டது. தினமும் காலையில் ஒரு சிப்பி ஓட்டைத் தண்ணீரில் எறிய வேண்டும் என்றது தாழைக்கோழி. தாமரை விரிவதற்குள் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அது ஓடி வந்து பார்க்கும்.

“படியில இறங்கினா பெருச்சாளின்னு சிரிப்பாங்களே!” என்று சுழியன் முனகியது.

“யானைக்கும் அடி சறுக்கும். சிரிக்கிறவனுக்கும் வயசாகும், இரு!” என்றது ஆமை.

சுழியன் தன் வீட்டிலேயே இருந்தது. வாரம் ஒரு முறை வந்த மீனாள் மூன்று முறை வர ஆரம்பித்தது. பழைய சறுக்கில் குட்டிகள் நாள் முழுதும் சறுக்கின. சாயங்காலமானால் அவை தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போயின. அதுவும் சுழியனுக்குச் சந்தோஷம்தான்!

ஒரு நாள் காலை, படியில் இறங்கிய சுழியன் கால் இடறி முகங்குப்புற விழுந்தது. தாழைக்கோழி பறந்தோடி வந்தது. அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதற்குக் குறும்பு வந்துவிட்டது.

“மாமா! இன்னைக்கு என்ன சறுக்கு?”

“சறுக்குமில்லை, கிறுக்குமில்லை! விழுந்துட்டேம்மா. மூணாவது கல் ஆடுது. மீனாவுக்கு ஒரு குரல் கொடு!”

தாழைக்கோழி குரல் கொடுத்தது. சுழியன் மீசையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமலே அந்தப் படியில் உட்கார்ந்து, மகள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விழுந்ததை மறைத்தால் தூக்கிவிட வருபவரும் விலகிப் போவார். வாய்விட்டுச் சொன்னால் வயதான காலத்திலும் சொந்த வீட்டில் சுகமாக வாழலாம்.