மங்கையர்க்கரசிக்கு ஒரு கத்தி

எங்க ஊர்ல அறுபத்திரண்டு வயசுல சிஷ்யனாச் சேர்ந்த ஒரே ஆளு திருஞானம் வாத்தியார்தான். குருவுக்கு வயசு முப்பத்தெட்டு. பேரு இருளப்பன் ஆசாரி. மானாமதுரை ரோட்டுல அவரு கொல்லுப்பட்டறை, நேர் எதிர்ல என் சைக்கிள் கடை. நடந்தது பூரா நான் பார்த்தது. வாத்தியாரை எனக்கு ஆகாதுங்கிறதையும் முதல்லயே சொல்லிடறேன். அஞ்சாங்கிளாஸ்ல அவர்கிட்ட வாங்கின அடி அப்படி.

ஒருநாள் காலையில போனைத் தூக்கிக்கிட்டு பட்டறைக்கு வந்தாரு. உள்ள ஒரு கத்தி படம். அரை வட்டமா அலகு, அதோட முதுகு மேல நடுவுல கைப்பிடி. வடக்கே பனிநாட்டுல இன்யூட்னு ஒரு சனம் இருக்காம். அவங்க பொம்பளைங்க மீன் அறுக்கிறது, தோல் சீவுறது எல்லாமே இதுலதானாம். 'உலு'ன்னு அதுக்குப் பேராம். கையை மூடிப் பிடிச்சு மேலருந்து அமுக்கினாப் போதும், மணிக்கட்டைத் திருப்பவே வேண்டாம்னு விளக்கினாரு.

"பழைய ரம்பத்துலயே பண்ணலாமாம். எனக்கு ஒண்ணு செஞ்சு குடு" என்றாரு.

"செஞ்சு தர மாட்டேன் சார். நீங்க செய்யிறதா இருந்தா சொல்லித் தர்றேன்" என்றாரு ஆசாரி.

கத்தி யாருக்குன்னு ஊருக்கே தெரியும். வாத்தியாரோட சம்சாரம் மங்கையர்க்கரசி அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எப்பவோ ஒடிஞ்சு, ரொம்ப வருசமாவே கோணல். பொண்ணு கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் பரமக்குடியில தம்பி வீட்டுக்குப் போனவங்க, மூணு வருசமாத் திரும்பலை. இப்ப அங்கயும் இழுபறி. ஒரு காய்கூட நறுக்க முடியாத கையை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குன்னு தம்பி பொண்டாட்டி முணுமுணுக்கிறாளாம். வந்து கூட்டிட்டுப் போங்க மாமான்னு தம்பி போன் போட்டிருக்கான். வாத்தியாருக்கு வெறுங்கையோட போக மனசில்லை. வேற வழியில்லாம வந்தாங்கன்னு இருக்கக் கூடாது, சந்தோசமா வரணும்னு ஆசை. நினைப்பெல்லாம் பெருசாத்தான் இருந்துச்சு.

மரவாடியில பல்லு தேஞ்சு கழிச்சுப்போட்ட ரம்பத்தை வாங்கிட்டு வந்தாரு. சாக்பீஸால அரைவட்டம் போடுறதுல அவரை மிஞ்ச முடியுமா? அதை உளி வச்சு வெட்டி எடுக்கத்தான் நாலு நாள் ஆச்சு. முதல் அலகை செக்கச் செவேல்னு காய்ச்சித் தண்ணியில முக்கினாரு. 'டிங்'னு ஒரு சத்தம், குறுக்கால கீறல் விட்டுருச்சு. ஆசாரி மிச்ச ரம்பத்தைக் கையால காட்டிட்டு அவரு வேலையைப் பார்த்தாரு. ரெண்டாவதை எண்ணெயில முக்கினாங்க, நின்னுருச்சு. அரத்தால ராவுற வேலையை வீட்டுல வச்சுச் செய்யச் சொன்னாரு ஆசாரி. வீட்டுல வெளிச்சம் நல்லா வர்ற இடம் அடுப்படிதானாம். அங்க சம்மணம் போட்டு உட்கார்ந்து ராவியிருக்காரு. அந்த அடுப்படியில உட்கார்றது அதுதான் முதல் தடவைன்னு அவரே சொன்னாரு.

அலகு முடிஞ்சது. கைப்பிடிக்கு ஆசாரி குயவர் வீட்டுல இருந்து ஒரு உருண்டை களிமண் வாங்கி ஈரத்துணியில சுத்திக் கொடுத்தாரு. அம்மா இதை ஒருதரம் இறுக்கிப் பிடிக்கணும், பிடிச்ச மேனிக்குக் கலையாமக் கொண்டு வாங்க, அதுக்கு ஏத்த மாதிரிதான் மரத்தைச் செதுக்கணும்னாரு.

மறுநாளே வாத்தியார் மண்ணோட வந்து நின்னாரு. ஆசாரி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாரு. நாலு விரலும் ஒரே ஆழத்துக்குப் பதிஞ்சிருந்துச்சு.

"இது ஒடிஞ்ச கை இல்லையே சார்."

வாத்தியார் ஈரத்துணியை மடிக்க ஆரம்பிச்சாரு.

"பரமக்குடிக்கே போகலையா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அவகிட்ட போய்க் கையைக் காட்டுன்னு எப்படிக் கேட்கிறதுன்னு தெரியலை. நானே பிடிச்சுக் கொண்டாந்துட்டேன்."

"கேட்கிறதுக்கு என்ன சார்?"

நான் கோட்டம் எடுத்துக்கிட்டிருந்த வீலை நிறுத்திட்டேன்.

"ஒடிச்சது நான்தான்" என்றாரு வாத்தியார்.

ரசத்துல உப்பு இல்லைன்னு செம்பைத் தூக்கி எறிஞ்சிருக்காரு. முகத்துல படாம இருக்க அந்தம்மா கையைக் குறுக்கே வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாள்னு இவரு சொன்னாரு, அந்தம்மாவும் ஆமான்னு தலையாட்டுனாங்க. ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எட்டாம் நாளே மாவுக்கட்டோட உலை வைக்க விட்டிருக்காரு இந்த மனுசன். எலும்பு கோணலாக் கூடிருச்சு. இருபத்தாறு வருசமா யார்கிட்டயும் சொல்லாததை ஒரு பட்டறை வாசல்ல நின்னு சொன்னாரு. கையில இருந்த ஸ்பேனரை அந்த ஆளு மேல வீசலாமான்னு எனக்கு ஆத்திரம் வந்துச்சு. சத்தியமா.

ஆசாரி கோபப்படலை. அந்த மண்ணைப் பிசைஞ்சு திரும்ப உருண்டையாக்கி அவரு கையில வச்சாரு.

"பரமக்குடி பஸ் பன்னெண்டு மணிக்கு இருக்கு சார்."

போயிட்டு வந்தாரு. அங்க என்ன பேசினாங்கன்னு நாங்க கேட்கலை, அவரும் சொல்லலை. மண்ணைக் கொண்டுவந்து பட்டறைக் கல்லு மேல வச்சாரு. கட்டைவிரல் ஆழமா இறங்கியிருந்துச்சு. ஆள்காட்டி விரல் பரவாயில்லை. அடுத்த ரெண்டும் லேசாத் தொட்டிருந்துச்சு. சுண்டுவிரல் பட்ட அடையாளமே இல்லை. மூணு பேரும் அதையே பார்த்துக்கிட்டிருந்தோம்.

அப்புறம் பதினொரு நாள் வாத்தியார் கொய்யா மரக் கட்டையைச் செதுக்கினாரு. கொண்டு வர்றது, ஆசாரி கையில வாங்கிப் பார்த்துட்டு வேண்டாங்கிறது, திரும்பப் போறது. நாலு கட்டை வீணாப் போச்சு. அஞ்சாவது தடவை ஆசாரி கேட்டாரு:

"அம்மாவுக்கு எந்த இடத்துல வலிக்கும் சார்?"

வாத்தியார் கண்ணை மூடிக்கிட்டு கட்டையைப் பிடிச்சாரு. சுண்டுவிரலைத் தூக்கி, ரெண்டு விரலைத் தளர்த்தி, மணிக்கட்டை வெளிப்பக்கமாக் கோணலா வச்சு, அந்தம்மா பிடிக்கிற மாதிரியே பிடிச்சாரு. கொஞ்ச நேரத்துல அவருக்கே வலி எடுத்து, அந்த இடத்தை இடது கையால தொட்டாரு. "இங்க, ஆசாரி. இந்த இடத்துல" என்றாரு. சொல்லிட்டு அப்படியே குத்தவச்சு அழுதுட்டாரு. நான் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். பிடிக்காத ஆளுன்னாலும் கண்ணால பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியலை.

வாத்தியார் தான் காட்டின இடத்துல ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு கனம் மரத்தைக் கூட்டி, சுண்டுவிரல் பக்கத்தை மொட்டையா விட்டு ஆறாவது கட்டையைச் செதுக்கினாரு. அதைத்தான் ஆசாரி வாங்கி அலகுல மாட்டி ஆணி அடிச்சாரு. பார்க்க அவலட்சணமாத்தான் இருந்துச்சு. எனக்கோ ஆசாரிக்கோ அதைப் பிடிக்கக்கூட முடியலை.

வாத்தியார் வீட்டுக்கு வெள்ளையடிச்சாரு. புது மெத்தை வாங்கிப் போட்டாரு. வெள்ளிக்கிழமை காலையில கத்தியைத் துண்டுல சுத்திக்கிட்டு பரமக்குடி பஸ் ஏறினாரு. சாயங்காலம் ரெண்டு பேரா வந்து இறங்குவாங்கன்னு நானும் ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒத்தையாத்தான் வந்தாரு. நேரா பட்டறைக்குப் போய் ஆசாரி முன்னால நின்னாரு.

"கொடுத்தீங்களா?"

"கொடுத்தேங்க."

அவரு ஆசாரியை மரியாதையாப் பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

நடந்ததை நிதானமாச் சொன்னாரு. அந்தம்மா கத்தியை வாங்கி ஒருதரம் பிடிச்சுப் பார்த்தாங்களாம். முத்தின பறங்கிக்காய் ஒண்ணு கிடந்ததாம். அதை எடுத்து வச்சு ஒரே அமுக்குல ரெண்டாப் பிளந்தாங்களாம். அப்புறம் வெங்காயம், அப்புறம் கத்தரிக்காய், எல்லாத்தையும் ஒருத்தரையும் கிட்ட விடாம நறுக்கிச் சமைச்சு இவருக்கு இலை போட்டாங்களாம். சாப்பிட்டு முடிச்சதும், கிளம்பலாமான்னு கேட்டிருக்காரு. அந்தம்மா கத்தியைக் கழுவித் துடைச்சுக்கிட்டே சொன்னாங்களாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸுல காய் நறுக்க ஆள் கேட்கிறாங்க, திங்கக்கிழமையில இருந்து போகப் போறேன், மாடியில ஒரு ரூமும் தர்றாங்களாம், நீங்க இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேருங்கன்னு.

"கோபமாக்கூடச் சொல்லலைங்க. சிரிச்ச முகமாத்தான் சொன்னா" என்றாரு வாத்தியார். "நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன். எங்கயாச்சும் தப்பு விட்டுட்டேனா?"

ஆசாரி உலையில காத்தடிக்கிறதை நிறுத்தினாரு.

"ஒரு தப்பும் இல்லை சார். கத்தி கொஞ்சம் மோசமா அமைஞ்சிருந்தா வந்திருப்பாங்க."