மூன்று ஹெலிகாப்டரும் ஒரு கிணறும்

"அம்மா, மூன்று ஹெலிகாப்டர் இருக்கிறது. ஒன்றைத்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?"

கேட்டவர் தளபதி மார்த்தாண்டன். நெடுந்திட்டு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் ராணுவம் முழுவதும் அவர் கையில் இருந்தது. முழு ராணுவமும் அணிவகுத்து நின்றால் பள்ளிக்கூட மைதானத்தில் பாதி மிச்சமிருக்கும்.

அந்த நாட்டுக்கு எதிரி கிடையாது. எதிரி இல்லாத நாட்டில் ராணுவம் யாரைச் சுடும் என்பதை அங்குள்ள துறைமுகத் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பதில் சொல்ல வேண்டியவர் செங்கமலம். ஒரு காலத்தில் அந்தத் தொழிலாளர்களுக்காக மேடையேறியவர். பேசிப் பேசித் தொண்டை போனது. கேட்டுக் கேட்டுக் கூட்டமும் போனது. இப்போது ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் இருந்தார்.

வயதில் தளபதிக்கு இளையவர். அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் தளபதிக்கு அந்த ஒரு வருத்தம்தான்.

"படம் காட்டும், தளபதியாரே."

காய்ந்துகொண்டிருந்த மிளகாயை ஒதுக்கிவிட்டு, தளபதி மூன்று வழவழப்பான படங்களைப் பரப்பினார்.

"இது முதலாவது. அடிவயிற்றில் இரண்டு இயந்திரத் துப்பாக்கி."

"யாரைச் சுட?"

"எதிரியை."

"யார் எதிரி?"

"முதலில் வாங்கிவிடுவோம் அம்மா. எதிரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"சரி. அடுத்தது?"

"தோல் இருக்கை. குளிர்சாதனம். சுற்றிலும் கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே நாடு முழுவதும் தெரியும். அமைச்சருக்கு இதுதான் பிடித்திருக்கிறது."

"மூன்றாவது?"

"அதை விடுங்கள். பார்க்கப் பெருச்சாளி மாதிரி இருக்கிறது. உட்காரப் பலகைதான். பக்கத்தில் அகலமான கதவு. கதவுக்கு மேலே கிணற்றுக் கப்பி மாதிரி ஒன்று, அதில் கயிறு. புயல் காற்றிலும் ஒரே இடத்தில் நிற்குமாம். நின்று என்ன செய்ய?"

செங்கமலம் ஒரு மிளகாயைப் புரட்டிப் போட்டார்.

"அமைச்சருக்குப் பிடித்ததில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? என்னிடம் ஏன் வந்தீர்?"

"தூக்கம் வரவில்லை."

"ஏன்?"

"போன ஐப்பசி."

போன ஐப்பசியில் வடகுடா என்ற கரையோர ஊருக்குள் கடல் புகுந்தது. சனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். பக்கத்து நாட்டிடம் ஹெலிகாப்டரை இரவல் வாங்கி, அமைச்சரும் தளபதியும் போனார்கள்.

"எத்தனை பேரை ஏற்றினீர்?"

"ஏற்றவா? பார்வையிடப் போனோம் அம்மா. வெள்ளச் சேதத்தைப் பார்வையிட்டோம். பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்ததே, பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். சனங்கள் கையசைத்து வரவேற்றதாகப் போட்டிருந்தது."

"ஆமாம். நல்ல வரவேற்பு."

"பிறகு?"

"புளிச்சோற்றுப் பொட்டலம் போட்டோம். பாதி கடலில் விழுந்தது."

"கூரைமேல் நின்றவர்கள்?"

தளபதி தொப்பியைக் கழற்றினார். அதன் உட்புறத்தைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மறுநாள் சில கூரைகளே இல்லை."

தளபதி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அடுத்த ஐப்பசி வருகிறது அம்மா. இன்று மாலை மந்திரிசபை. நான் எதில் கையெழுத்துப் போடுகிறேனோ அதுதான். கண்ணாடிக்காரனை வேண்டாம் என்றால் அமைச்சர் என்னைத் தூதராக்கிப் பனி நாட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

"அந்தக் கண்ணாடிக்காரன் எப்படிப் பறப்பான்? பறந்து காட்டும்."

தளபதி இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். கைகளை விரித்தார். வாயால் டப டப என்று சத்தம் போட்டார். முற்றத்தில் ஒரு வட்டம் அடித்தார்.

"பின்னாலும் பறக்குமோ?"

"ஓ, பறக்குமே!"

பின்னால் பறந்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் செங்கமலம்.

அந்தக் கொட்டகையின் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

*

"ஐயோ! அம்மா!"

செங்கமலம் கிணற்றடிக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். தளபதி கழுத்துவரை தண்ணீரில், ஆலம் வேர் ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். தொப்பி தனியாக மிதந்தது.

செங்கமலம் கைகளை விரித்தார். டப டப என்று சத்தம் போட்டபடி கிணற்றைச் சுற்றத் தொடங்கினார்.

"அம்மா! என்ன செய்கிறீர்கள்?"

"பார்வையிடுகிறேன்."

"கப்பியில் கயிறு இருக்கிறதே!"

"சேதம் அதிகம்தான்," என்று செங்கமலம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். "மனதுக்கு வேதனையாக இருக்கிறது."

"எனக்கு நீச்சல் தெரியாது!"

"தீவு நாட்டுத் தளபதிக்கா நீச்சல் தெரியாது?"

"அது கடற்படையின் வேலை!"

"கடற்படை எங்கே?"

"இன்னும் வாங்கவில்லை!"

செங்கமலம் கொட்டகைக்குள் போனார். போனவர் உடனே வரவில்லை. கீழே வேர் மெல்ல மெல்ல மண்ணைவிட்டுக் கழன்றுகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு வாழை இலைப் பொட்டலம் இருந்தது. குறிபார்த்துப் போட்டார். அது தளபதியின் காதோரம் விழுந்து, பிரிந்து, புளிச்சோறாகி மூழ்கியது.

"எனக்குப் பசியில்லை அம்மா! வேர் பிடுங்கிக்கொண்டு வருகிறது! இங்கே பாருங்கள், இங்கே!"

ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு தளபதி மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பலங்கொண்ட மட்டும் ஆட்டினார்.

மேலேயிருந்து செங்கமலம் புன்னகையோடு கையசைத்தார்.

தளபதியின் கை அந்தரத்திலேயே நின்றது.

சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

"அம்மா," என்றார் தளபதி. அது அணிவகுப்புக் குரல் அல்ல. "அவர்கள் கையசைத்தார்கள்."

செங்கமலம் கப்பிக் கயிற்றை அவிழ்த்தார்.

"நாங்களும் கையசைத்துவிட்டு வந்தோம்."

மேலே கப்பி கிறீச்சிட்டது. கயிறு இறங்கி வந்தது.

*

மந்திரிசபைக் கூடத்துக்குள் தளபதி நுழைந்தபோது அவர் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொப்பியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

பெருச்சாளியின் படத்தை எடுத்து அமைச்சர் முன்னால் வைத்தார். அதன்மேல் கையெழுத்து இருந்தது. ஈரத்தில் மை பரவியிருந்தாலும் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

அமைச்சர் படத்தைப் பார்க்கவில்லை. புதிதாகப் போட்டிருந்த கம்பளத்தைப் பார்த்தார்.

"என்ன தளபதி, இது என்ன கோலம்? உமக்கு என்ன நேர்ந்தது?"

தளபதி குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். பூட்ஸுக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டது. சல்யூட் அடித்தார்.

"பார்வையிடப்பட்டேன், ஐயா."