பனிமானை இழுத்தவரின் முழங்கால்

தாம்பரத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறும்போதே பேராசிரியர் ஞானசிகாமணிக்கு இடது முழங்கால் உயிரை எடுத்தது. டிக்கெட்டில் விழுந்திருந்ததோ அப்பர் பெர்த். வயது ஐம்பத்தேழு, ரயில்வே கணக்கில் இன்னும் இளைஞர். நார்வே நாட்டின் வடகோடியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருஷமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற மனுஷன், "கால் வலிக்குது, கீழ இடம் கொடுங்க" என்று யாரிடமாவது போய் நிற்பாரா? நிற்க மாட்டார். நாம் யார் என்று தெரிந்தால் அவர்களே எழுந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

கீழ் பெர்த் இரண்டு. ஒன்று ராஜபுஷ்பம் டீச்சருடையது. நாகர்கோவிலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. அங்கே கேட்பது பாவம். இன்னொன்று வள்ளியூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. நாற்பது வயது, தார் தூக்கித் தூக்கி உரமேறின தோள். அந்த ஆள் மேலே ஏறிப் படுத்தால் ஒரு குறையும் வந்துவிடாது. பேராசிரியர் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றார் அண்ணாச்சி.

அது போதாதா?

"சொந்த ஊர் மார்த்தாண்டம். வேலை நார்வேயில. சாதாரண வேலைதான். என்ன, டிபார்ட்மென்ட்டுக்குப் போறதுதான் கொஞ்சம் சிரமம். நவம்பர்ல பனி விழ ஆரம்பிச்சா கட்டடத்துல ஆறு மாடி மூடிடும். கயித்தைப் போட்டு, ஜன்னல் வழியா ஏறித்தான் கிளாஸுக்குப் போகணும்."

டீச்சர் கையிலிருந்த வாரப்பத்திரிகையை இறக்கினார். "ஆறு மாடி மூடிடுச்சுன்னா தரையே ஆறாவது மாடிக்கு வந்துடுச்சே சார். அப்படியே நடந்து உள்ள போக வேண்டியதுதானே? கயிறு எதுக்கு?"

பேராசிரியர் கண் இமைக்கவில்லை. "டிபார்ட்மென்ட் பதிமூணாவது மாடி டீச்சர். மிச்சம் ஏழு."

கழித்தல் சரியாக இருந்தது. டீச்சர் பத்திரிகையை மறுபடி தூக்கிக்கொண்டார்.

"ஏழு மாடி! கயித்துல! யம்மாடி!" என்றார் அண்ணாச்சி. வாய் திறந்ததே தவிர ஆள் இடத்தை விட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் போட வேண்டும் போலிருக்கே என்று பேராசிரியர் காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"ஒரு தடவை எங்க டீன் சாயங்காலமா கூப்பிட்டு, விடியறதுக்குள்ள பரீட்சைப் பேப்பரை எல்லாம் திருத்திக் கொடுத்துடுங்கன்னார். அங்க குளிர்காலத்துல இருட்டினா விடிய அறுபத்து மூணு நாளாகும். நானும் உக்காந்தேன். நாப்பத்தோராயிரத்து நானூறு பேப்பர். உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்ல."

"உங்க யுனிவர்சிட்டியில மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" டீச்சர்தான்.

"தொள்ளாயிரம்."

டீச்சர் கூரையைப் பார்த்து உதட்டை அசைத்தார். "ஆளுக்கு நாப்பத்தாறு பேப்பரா?"

"அரியர் டீச்சர். அங்க அரியர் ஜாஸ்தி."

செங்கல்பட்டு தாண்டியது. அண்ணாச்சி ஒரு கடலை மிட்டாயை நீட்டினார். மிட்டாய் கொடுத்தவர் பெர்த்தும் கொடுப்பார் என்று பேராசிரியருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"போன மார்ச்சுல துறைமுகம் உறைஞ்சு பதினோரு கப்பல் மாட்டிக்கிச்சு. நான் கரையில உக்காந்து மத்தியானச் சாப்பாட்டைத் தொறக்கேன், காந்தாரி மிளகாய்த் துவையல் கை தவறிக் கடல்ல விழுந்துடுச்சு. கொட்டைப்பாக்கு அளவுதான். நாலே நிமிஷம். தண்ணி கொதிச்சு, மீனெல்லாம் வெந்து மேல வந்துச்சு. பதினோரு கப்பலும் ஹாரன் அடிச்சுட்டுக் கிளம்பிடுச்சு."

அண்ணாச்சிக்குள் இருந்த வியாபாரி நிமிர்ந்தார். "வருஷத்துக்கு எத்தனை மூட்டை வேணும் சார்? சொல்லுங்க, நான் லோடு ஏத்துதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. விழுந்தது இன்னும் அடியில கிடக்கு. அதுவே இருபத்திரண்டு வருஷம் தாங்கும்னு நகராட்சியில சொல்லிட்டாங்க."

"காரம் அப்படி," என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாரே, இந்த ஒன்பது வருஷத்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருத்தர்கூட "சாருக்கு எந்த ஊரு" என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வாயைத் திறக்கவே வேலை இருக்காது. முழங்கால் வலிகூடக் குப்பை கொட்டப் போய் வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் வந்ததுதான்; தூக்கிவிட ஆளில்லாமல் தானே தவழ்ந்து உள்ளே வந்தார். இங்கே ஒரு மனுஷன் மிட்டாய் கொடுத்துக் கதை கேட்கிறார். பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதே கேட்டிருந்தால் இடம் கிடைத்திருக்கும். அவரோ அடுத்ததை ஆரம்பித்தார்.

"இதெல்லாம் என்ன! பக்கத்துத் தீவுல பரீட்சை. கேள்வித்தாளை எடுத்துக்கிட்டுப் பனிமான் வண்டியில போறேன். பாதி வழியில மான் படுத்துடுச்சு, மூச்சு வாங்குது. நேரமோ ஆகுது. என்ன செய்ய? மானைத் தூக்கி வண்டியில வச்சேன், நுகத்தை என் தோள்ல போட்டேன், இழுத்துட்டு ஓடினேன். தொண்ணூத்தோரு கிலோமீட்டர். அத்தனையும் ஏத்தம்."

"தீவுக்கா ஏத்தம்?" என்றார் டீச்சர்.

"அலை அப்படியே உறைஞ்சிருந்துச்சு டீச்சர். ஒவ்வொண்ணும் மருத்துவாமலை உசரம். பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேன். கால் வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

விழுப்புரம் போயிற்று. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. அண்ணாச்சி போர்வையை உதறினார். இனி பொறுக்க முடியாது என்று பேராசிரியர் முழங்காலைத் தடவியபடி தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, வந்து... இந்த இடது கால் இன்னைக்கு என்னமோ லேசா..."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "விளையாடாதிய சார்! நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. தாம்பரத்துல நீங்க நொண்டி நொண்டி ஏறினதைப் பார்த்து, அடப் பாவமே, இவரு கீழ படுக்கட்டும், நாம மேல போயிருவோம்னு என் பையைக்கூட மேல வச்சுட்டேன். நல்லவேளை, வாயைத் தொறந்து சொல்லல. மானைத் தூக்கின மனுஷன்கிட்டப் போயி கீழ படுங்கன்னு சொல்லியிருந்தா எம்புட்டு மரியாதைக் குறைவு!" என்று மேலே இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். எடுத்தவர் சும்மாவும் இருக்கவில்லை. பக்கத்துத் தடுப்பைத் தட்டி, "எல்லாரும் இங்க வாங்க! சார் ஏறப் போறாவ!" என்று கூப்பிட்டார்.

ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். பேராசிரியர் மூன்று இரும்புப் படிகளையும் பார்த்தார். வந்தவர்களையும் பார்த்தார். வேறு வழியில்லை, ஏறினார். இரண்டாவது படியில் கண்ணில் தண்ணீர் வந்தது. மேலே விழுந்து புரண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் கலைந்து போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி தலையைத் தூக்கினார். "டீச்சர், சார் மேல என்னமோ முனகுதாவளே?"

"அது நார்வே தாலாட்டு," என்றார் ராஜபுஷ்பம் டீச்சர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "மொத்தம் நூத்திப் பத்தொன்பது சரணம். நாகர்கோவில் வரைக்கும் வரும். நீங்க தூங்குங்க."