அதிகம் பறக்கிறவர்

செங்காரை நாட்டு அரசவைக்குள் தூதன் உலகநாதன் பாதி வளைந்தபடி வந்தான். வணங்கினான். வணங்கி முடித்த பிறகும் நிமிரவில்லை.

மன்னர் வீரசிங்க பூபதிக்குப் பெருமை தாங்கவில்லை. "போதும் உலகநாதா, இவ்வளவு மரியாதை வேண்டாம். நிமிரு."

"இது மரியாதை இல்லை மன்னா. நாப்பத்திரண்டாவது வரிசை."

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்? விமானங்கள் அவருடையவை. அந்த நாட்டுக்கு யானைப்படை கிடையாது, ஏழு விமானம் உண்டு. ஏழின் வாலிலும் மன்னர் முகம், மீசையோடு.

உலகநாதன் அந்த விமானங்களில் அறுபத்து மூன்று தடவை வெளிநாடு போய் வந்தவன். ஒவ்வொரு தடவையும் அதே நாப்பத்திரண்டாவது வரிசை, சாயவே முடியாத, கழிவறைக்குப் பக்கத்து சீட். கதவைத் திறக்கிறவர்கள் எல்லாம் அவன் முழங்கையில் இடித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். விதி என்னவோ அழகாகத்தான் இருந்தது. செப்புத் தகட்டில் வெட்டி, விமான நிலைய வாசலில் மாட்டியிருந்தார்கள்: 'அதிகம் பறக்கிறவருக்கு, முன்வரிசையில் இடம் காலி இருந்தால், கூடுதல் கட்டணம் இல்லாமல் தரப்படும்.' உலகநாதன் அறுபத்து மூன்று தடவையும் கேட்டான். கவுண்டரில் இருந்த பெண் அறுபத்து மூன்று தடவையும் இனிக்க இனிக்கச் சிரித்து, "இடம் இல்லீங்க ஐயா" என்றாள்.

"முன்னால எட்டு சீட் இருக்கு மன்னா. காலை நீட்டிப் படுக்கலாம். திரையை விலக்கிப் பார்த்தேன். எட்டும் காலி."

விமான மந்திரி கோதண்டம் துள்ளி எழுந்தார். "பொய்! எட்டும் நிரம்பியிருந்தது. பதிவேட்டில் இருக்கு."

"ஆளே இல்லாம எப்படி மந்திரியாரே நிரம்பும்?"

"பதிவேட்டில் நிரம்பியிருக்குய்யா. அது போதாதா?"

மன்னர் கையை உயர்த்தினார். இருவரும் அடங்கினார்கள். "என் விமானத்தை என் சபையிலேயே பழிக்கிறாயா உலகநாதா? நாளைக்குச் சபை கூடும்போது, ஆளில்லாத சீட் எப்படி நிரம்பும்னு எனக்குப் புரிய வை. முடியலைன்னா தூதர் வேலை போச்சு. விமான நிலையத்தில் பெட்டி தூக்கு."

அந்த முதுகோடு பெட்டி தூக்கினால் ஒரு வாரம் தாங்காது. உலகநாதனுக்கு அது தெரியும். கோதண்டத்துக்கும் தெரியும். அதனால்தான் அவர் மீசைக்குள் சிரித்தார். பதிவேடும் அவர் பெட்டியில், சாவியும் அவர் இடுப்பில்.

மறுநாள் காலை. மன்னர் இன்னும் குளித்து முடிக்கவில்லை. சிம்மாசனம் சும்மா கிடந்தது. பக்கத்தில் சாமரத்தோடு அஞ்சலை நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள்.

"அஞ்சலையக்கா, ஒருநாளாவது வராம இருந்திருக்கீங்களா?" என்று கேட்டான், முன்னதாகவே வந்துவிட்ட உலகநாதன்.

"எங்கப்பா! என் கல்யாணத்தன்னைக்கே காலையில வந்து வீசிட்டுத்தான் மணமேடைக்குப் போனேன்."

"அப்போ ஏறி உக்காருங்க."

"எதுல?"

"அதுலதான்."

"அட பாவி, தலை போயிரும்!"

"போனா என் தலைதான் முதல்ல போகும். உக்காருங்க."

அஞ்சலை சிம்மாசனத்தைப் பார்த்தாள். வீங்கிய தன் காலைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். "மெத்துன்னு இருக்குய்யா" என்றாள்.

சபை நிறைந்தது. மன்னர் ஈரத் தலையோடு வந்தார், பார்த்தார், அலறினார். "யாரது! இறங்கு கீழே!"

"பதறாதீங்க மன்னா," என்றான் உலகநாதன். "இடம் காலியா இருந்தது. இந்தச் சபைக்கு அதிகம் வந்தவர் யாருன்னு பார்த்தோம். அஞ்சலையக்காதான். கொடுத்துட்டோம்."

"காலியா? குளிக்கப் போனேன்யா! நான் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அது என் இடம்!"

"அப்படிச் சொல்லுங்க! ஆளில்லாத இடம் எல்லாம் காலி இல்லை, யாருக்கோ சொந்தம். அப்போ அந்த எட்டு சீட் யாருக்குச் சொந்தம்னு மட்டும் மந்திரியைக் கேளுங்க."

மன்னர் மெதுவாகத் திரும்பினார். கோதண்டம் கைகட்டி எழுந்தார்.

"அது வந்து... ராணியம்மாவோட தம்பி ரத்னவேலு... எப்போ கிளம்பத் தோணும்னு தெரியாது, எல்லா விமானத்திலும் எடுத்து வைன்னார்..."

"எட்டுமா?"

"ஒண்ணு அவருக்கு. மத்த ஏழும், பக்கத்தில் யாரும் உக்காரக் கூடாதுன்னு."

"என் மச்சினன் இதுவரை எத்தனை தடவை வெளிநாடு போயிருக்கான்?"

"ரெண்டு தடவை மன்னா. அதிலும் ஒண்ணு, சாப்பாடு பிடிக்கலைன்னு பாதி வழியில் திருப்பச் சொல்லிட்டார்."

தூணுக்குப் பின்னால் ரத்னவேலு இருமினார்.

மன்னர் முகம் சிவந்தது. "அறுபத்து மூணு தடவை போனவனுக்குக் கழிவறைப் பக்கம். ரெண்டு தடவை போனவனுக்கு எட்டு சீட்டா? எந்த விதிப்படி கொடுத்தீர்? சொல்லும்!"

கோதண்டம் இடுப்புச் சாவியைத் துண்டால் மூடினார்.

"மந்திரியைக் கோவிக்காதீங்க மன்னா," என்றான் உலகநாதன். "விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் கொடுத்திருக்கார். நான் போனேன், வந்தேன், அவ்வளவுதான். நான் எங்கே பறந்தேன்? தகட்டில் 'அதிகம் பறக்கிறவர்'னுதானே இருக்கு? முன் சீட்டுக்கு உங்க மச்சினரை விட அதிகமா பறக்கிறவர் இந்த நாட்டிலேயே கிடையாதே!"

மன்னர் சிரித்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அஞ்சலை இன்னும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே தகட்டில் அந்தச் சொல்லைச் சுரண்டிவிட்டு 'அதிகம் பயணம் போனவர்' என்று வெட்டினார்கள். உலகநாதன் அடுத்த பயணம் முழுக்கக் குறட்டை விட்டுக்கொண்டே போனான். ரத்னவேலு மட்டும் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறார், தரையிலேயே.