செல்வின் அண்ணாச்சியின் எட்டாவது பெட்டி

“ஏழு பெட்டி மிஸ். ஏழையும் பின்னறைக்குள்ள கொண்டுபோனீங்க, கதவைச் சாத்துனீங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்து ‘இன்னும் இல்லை’ன்னீங்க. மார்க்கும் போடாம, தப்பும் சொல்லாம பேப்பரைத் திருப்பித் தர்ற டீச்சரை நான் பாத்ததில்லை.”

சொன்னவர் செல்வின் துரை. வயது ஐம்பத்து நாலு. சிவகாசியில் முப்பது வருஷமாகப் பட்டாசுப் பெட்டி அச்சடிப்பவர்.

தன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அமலி. வயது முப்பத்தொன்று. பெரிய கேமராவில், ஃபிலிமில் மட்டும் படம் எடுப்பவள்.

அவர் அவளை மிஸ் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் யாருக்குக் குரு என்பதில் அங்கே குழப்பம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

விஷயம் இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று ஃபிலிமைத் தபால் அட்டை அளவுத் தாளாக வெட்டி, பெட்டிக்கு இருபத்தைந்து போட்டு விற்கப்போகிறது. செல்ஃபோனைத் தவிர எதையும் தொடாத பிள்ளைகள் கடையில் பார்த்த மாத்திரத்தில் வாங்க வேண்டுமாம். பெட்டி அப்படி இருக்க வேண்டுமாம்.

அமலி சரி என்றால்தான் அச்சுக்குப் போகும் என்பது கம்பெனியின் நிபந்தனை. மாதிரிப் பெட்டியை வாங்கிப்போகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆள் வரும். பெட்டி தயாராக இல்லையென்றால் வேலை வேறு அச்சகத்துக்கு.

அன்று சனிக்கிழமை. மணி பதினொன்று.

முதல் நாளே செல்வின் அவளிடம் மனசைத் திறந்திருந்தார்.

“நான் போட்ட பெட்டி எல்லாம் தீபாவளிக்கு மறுநாள் குப்பை மிஸ். ஒரு பெட்டியாவது ஒருத்தர் வீட்டு அலமாரியில இருக்கணும். ஃபிலிம் பெட்டியை யாரும் தூக்கிப் போட மாட்டாங்களாமே?”

போட மாட்டார்கள், நெகட்டிவை அதிலேயே வைத்துக்கொள்வார்கள் என்று அமலி சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் அவர் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அளவு பார்க்க, ஃபிலிம் இருந்த அசல் பெட்டி ஒன்றை அவள் கொடுத்தனுப்பினாள். அவர் அதை அச்சகத்தில், ட்யூப்லைட்டுக்குக் கீழே திறந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூடி. உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணினார், ஸ்கேல் வைத்து அளந்தார், பழையபடி அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றார்.

அமலி பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தாள். பிறகு நன்றி சொன்னாள். மறுநாளிலிருந்து அந்தத் தாள்கள் அவள் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தன.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், நமக்கும் வேலை மிச்சம்.

முதல் பெட்டி சிவப்பு. இன்னும் இல்லை என்றாள்.

இரண்டாவதில் தங்க மை பூசினார். மூன்றாவதில் வெள்ளித் தாள் ஒட்டினார். நாலாவது, கண்ணைக் குத்தும் பச்சை. சில பெண்களுக்குச் சந்தேகம் வந்தால் குழம்பில் உப்பைக் கூட்டுவார்கள். இவர் கலரைக் கூட்டினார்.

பின்னறையில் ஏதோ வெளிநாட்டு விளக்கு இருக்கிறது, அதில் பிடித்து மிஸ் கலரைச் சோதிக்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அந்த விளக்குக்குத் தாங்க வேண்டுமே என்று ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் வழவழவென்று லேமினேட் செய்தார். ஏழாவது மேஜையில் வைத்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

இன்னும் இல்லை.

ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றும். அவரும் அந்தச் சனிக்கிழமை அதையேதான் கேட்டார்.

“சொன்னா அதையும் பெட்டி மேல அச்சடிச்சிடுவீங்க அண்ணாச்சி.”

பிறகு ஏழாவது பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள். நடுவில் தங்க எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னாள்.

“முழு இருட்டில் மட்டும் திறக்கவும்.”

“இதுக்கு முன்னாடி படிச்சிருக்கீங்களா?”

“எழுத்துப்பிழை பாத்தாச்சு மிஸ். மூணு பேர் பாத்தாங்க.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வங்காளம், குஜராத்தி, ஒடியா என்று ஒன்பது மொழியில் பெட்டி அடித்தவர். தமிழைத் தவிர ஒன்றிலும் ஓர் எழுத்து தெரியாது. மை ஒட்டியிருக்கிறதா, கலர் விலகியிருக்கிறதா என்று சட்டைப் பையிலிருக்கும் லென்ஸை வைத்துப் பார்ப்பார். படிப்பது வாங்குகிறவன் வேலை.

இப்போது படித்துவிட்டார். டம்ளருக்கு அடியிலிருந்த தாளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

“அப்போ... நான் அன்னைக்கு எண்ணினது?”

“வெளிச்சம் பட்டு இருபத்தஞ்சும் போச்சு. சரியா எண்ணியிருந்தீங்க.”

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார்.

“கறுப்பு மிஸ். கறுப்பா இல்லாததுதான் தப்பு. மூணு மணி நேரம் குடுங்க.”

அவள் வாயைத் திறப்பதற்குள் பைக்கை எடுத்துவிட்டார்.

இரண்டே கால் மணிக்கு எட்டாவது பெட்டி வந்தது. கறுப்புக்கு மேல் கறுப்பு, அதன்மேல் வழவழ லேமினேஷன். ஆறு பக்கமும் ஒன்றுபோல. சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே தெரியும். அச்சகத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்களாம்.

அமலி வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆயிற்று. செல்வின் வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது.

“இதுல ஃபிலிம் போட்டிருக்கேன். என்கிட்ட இருந்த கடைசி இருபத்தஞ்சு. உள்ள வாங்க அண்ணாச்சி.”

உள்ளே வெளிநாட்டு விளக்கு இல்லை. உள்நாட்டு விளக்கும் இல்லை. ஒரு மேஜை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கதவுக்குக் கறுப்புத் திரை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கதவைச் சாத்தித் திரையை இழுத்தாள்.

கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாக இருந்தது.

பெட்டி அவர் கையில் வந்து உட்கார்ந்தது.

“ஒரே ஒரு தாள் எடுத்துக் குடுங்க. கம்பெனிக்காரரை அதுல படம் எடுத்துட்டு, சரின்னு சொல்லி அனுப்பிடறேன்.”

அவ்வளவுதானா என்று அவர் சிரித்தார்.

விரலை வைத்தார். வழுக்கியது. மூடியின் விளிம்பைத் தேடினார். கிடைத்தது. இல்லை, அது பெட்டியின் மூலை. திருப்பினார். மறுபடி திருப்பினார். திருப்பியதை மறுபடி திருப்பினாரா, முன்பு இருந்த பக்கமே வந்துவிட்டதா என்று தெரியவில்லை.

பழக்கதோஷம், லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எடுத்துப் பையில் போட்டார்.

உள்ளே தாள்கள் மெதுவாகச் சரிந்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. அமலி மேடம் இருக்கிறாரா என்று யாரோ கேட்டார்கள்.

“மிஸ், கதவைத்...” என்று ஆரம்பித்தவர், “வேண்டாம், வேண்டாம், திறந்துடாதீங்க” என்றார்.

அவள் பக்கத்தில்தான் நிற்கிறாளா என்பதுகூடத் தெரியவில்லை. அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதை அடித்த விரல்களாலேயே ஒவ்வொரு பக்கமாகத் தடவினார். தீப்பெட்டிகூட ஒரு பக்கம் சொரசொரவென்று இருக்கும்.

வாசலில் இருந்தவர் மறுபடி கூப்பிட்டார்.

“மிஸ்,” என்றார் செல்வின், குரலைத் தாழ்த்தி. “இதுல மேல்பக்கம் எதுன்னு மட்டும் சொல்லுங்க.”